விம் ப்ளகினுக்கு மேனேஜர் எதுக்கு, கிட் மட்டும் போதாதா?

பனங்காட்டுநரி:
விம்ங்கற டெக்ஸ்ட் எடிட்டர்ல 8-ம் வெர்ஷன் வந்தது 2016 செப்டம்பர்ல. அதுலேர்ந்தே ப்ளகினை (கூடுதல் வசதி தர்ற குட்டி புரோகிராம்) லோட் பண்ற பேக்கேஜ் வசதி உள்ளேயே இருக்கு. டாட் விம் ஃபோல்டருக்குள்ள பேக், அதுக்குள்ள நமக்குப் புடிச்ச பேர்ல ஒண்ணு, அதுக்குள்ள ஸ்டார்ட், அங்க போய் ப்ளகினை கிட்ல (கோட் மாற்றங்களைப் பதிஞ்சு வெக்கற டூல்) க்ளோன், அதாவது நகல், பண்ணிட்டா விம் திறக்கும்போதே தானா லோட் ஆயிடும். எப்பவாச்சும் மட்டும் வேணும்னா ஸ்டார்ட்டுக்கு பதிலா ஆப்ட்ல போட்டுட்டு, தேவைப்படறப்ப பேக்ஆட் கமாண்ட் அடிச்சுக்கலாம். இவ்ளோ இருந்தும் புதுசா கத்துக்க வர்றவங்ககிட்ட முதல் வேலையா, ப்ளகினை இறக்கி பராமரிக்க "ஒரு மேனேஜரை இறக்கு"ன்னு ஏன் சொல்றீங்க? பேத்தோஜென், வண்டில்னு பழைய மேனேஜர்கள் காலத்துல தேவை இருந்துச்சு, ஒத்துக்கறேன். இப்ப என்ன தேவை?

கன்சோல்காரன்:
தேவை இருக்கு ப்ரோ. க்ளோன் பண்றது ஒரு நிமிஷ வேலை, அதை யாரும் கஷ்டம்னு சொல்லல, அதுக்கு அப்புறம் வர்றதுதான் விஷயம். விம்-ப்ளக்ங்கற மேனேஜருக்கு விம்ஆர்சில (விம்மோட செட்டிங்ஸ் ஃபைல்) ஒரு வரி எழுதறேன், ஷெல்லுல விம் ப்ளஸ் ப்ளக்இன்ஸ்டால் ப்ளஸ் க்யூஆல்னு அடிக்கறேன், எல்லாம் ஒரே நேரத்துல இணையா இறங்கிடுது. வேண்டாம்னா வரியை அழிச்சுட்டு ப்ளக்க்ளீன். சில ப்ளகின் இறங்கினா மட்டும் போதாது, மேக் அடிச்சு பில்ட் பண்ணணும் இல்ல இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் ஓட்டணும், டைப் பண்றப்பவே கோடை நிரப்பற யூகம்ப்ளீட்மீ மாதிரி. அதுக்கு அந்த வரியிலேயே டூ-ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அப்டேட் ஆனா தானா திரும்ப பில்ட் ஆகும். உங்க வழியில இதை யார் ஞாபகம் வெச்சுக்கறது? உதவிப் பக்கங்களுக்கு இண்டெக்ஸ் போடற ஹெல்ப்டேக்ஸ் கூட கையால ஓட்டணும், ஓட்டலைன்னா அந்த ப்ளகினுக்கு ஹெல்ப் அடிச்சா ஒண்ணும் வராது.

பனங்காட்டுநரி:
ஹெல்ப்டேக்ஸ் ஆல்னு ஒரே வரி, அதை ஒரு குட்டி ஷெல் ஸ்கிரிப்ட்ல போட்டுட்டா முடிஞ்சது. மேக்கும் அதே ஸ்கிரிப்ட்ல. நான் வெறும் க்ளோன் சொல்லல, டாட்ஃபைல்ஸ் (நம்ம செட்டிங்ஸ் ஃபைல்கள்) இருக்கற கிட் ரெப்போவுல சப்மாட்யூலா, அதாவது ரெப்போவுக்குள்ள இன்னொரு ரெப்போவா, சேருங்கன்னு சொல்றேன். அப்ப ஒவ்வொரு ப்ளகினும் எந்த கமிட்ல (கிட்ல பதிஞ்ச ஒரு மாற்றம்) நிக்குதுன்னு ரெப்போவுலேயே பதிஞ்சிடும். புது மெஷின்ல ரிகர்ஸ்-சப்மாட்யூல்ஸ் போட்டு ஒரு க்ளோன், அச்சு அசலா அதே செட்டப். ப்ளக்அப்டேட் அடிக்கறவங்கள்ல எத்தனை பேர் என்ன மாறுச்சுன்னு படிக்கறாங்க? எடிட்டர் ப்ளகின் நம்ம யூசர் பர்மிஷன்ல ஓடுது, எஸ்எஸ்ஹெச் கீ (சர்வருக்குள்ள போற சாவி) வரைக்கும் அதால படிக்க முடியும். 2024 மார்ச்சுல எக்ஸ்இசட்ங்கற ஃபைல் சுருக்கற டூல்ல பின்கதவு வெச்சது வெளியாள் இல்ல, கொஞ்சம் கொஞ்சமா நம்பிக்கை சம்பாதிச்சு மெயின்டெய்னரா ஆனவர்தான். எஸ்எஸ்ஹெச் லாகின் அரை செகண்ட் இழுக்குதேன்னு ஒருத்தர் கிளறினதாலதான் மாட்டுச்சு. கண்ணை மூடிட்டு அப்டேட் அடிக்கறது வாசக்கதவைத் திறந்து போட்டுட்டு தூங்கற மாதிரி.

கன்சோல்காரன்:
அந்த பயம் நியாயம், ஆனா அதுக்கு மருந்து சப்மாட்யூல் மட்டும்தான்ங்கறது தப்பு. ப்ளக்அப்டேட் முடிஞ்ச விண்டோவுல டி அழுத்துங்க, ஒவ்வொரு ப்ளகின்லயும் புதுசா வந்த கமிட் வரிசையா நிக்கும், புடிக்கலைன்னா அது மேல நின்னு எக்ஸ், பழைய இடத்துக்கே திரும்பிடும். கமிட் ஆப்ஷன் குடுத்து கட்டிப்போடலாம், இப்ப இருக்கற கமிட்டெல்லாம் பதிய ப்ளக்ஸ்னாப்ஷாட் எடுத்து வெச்சுக்கலாம். விம்லேர்ந்து பிரிஞ்ச நியோவிம்னா, அதோட லேஸி மேனேஜர்ல கமிட்டைக் குறிச்சு வெக்கற லாக் ஃபைலே இருக்கு, அதை கிட்ல போட்டுட்டா லேஸி ரிஸ்டோர் அடிச்ச உடனே எந்த மெஷின்லயும் அதே கமிட். நீங்க சொல்ற பலன் எல்லாமே இங்க இருக்கு. உங்ககிட்ட இல்லாதது ஒண்ணு, சுலபமா நீக்கற வழி: சப்மாட்யூல் ஒண்ணை நீக்கிப் பாருங்க. டீஇனிட், கிட் ஆர்எம், அப்புறம் டாட் கிட்டுக்குள்ள மாட்யூல்ஸ்ல கிடக்கற மிச்சத்தை கையால அழிக்கணும், அதை விட்டுட்டு பின்னாடி அதே பேர்ல சேர்க்கப் போனா கிட் முறைக்கும். புதுசா வர்றவன் இதுலயே வெறுத்து ஓடிடுவான்.

ராத்திரிஷிஃப்ட்:
குறுக்க வர்றேன் மன்னிக்கணும். எங்க சர்வர்ல வெளி நெட்டே கிடையாது, அங்க ப்ளக்இன்ஸ்டாலும் ஓடாது, கிட் க்ளோனும் ஓடாது. நான் லேப்டாப்ல பேக் ஃபோல்டரை ரெடி பண்ணி ஆர்சிங்க்ல சர்வருக்கு காப்பி பண்ணிடறேன், வெறும் ஃபைல்தானே, போய் விழுந்ததும் விம் எடுத்துக்குது. இன்னொண்ணு, சப்மாட்யூல் வெச்சிருக்கறவங்களுக்கு: ஹெல்ப்டேக்ஸ் ஓட்டினா டாக் ஃபோல்டருக்குள்ள டேக்ஸ்னு ஒரு ஃபைல் வரும், அதை ப்ளகின்காரர் கிட்இக்னோர்ல (கிட் கண்டுக்காத ஃபைல் பட்டியல்) போடலைன்னா கிட் ஸ்டேட்டஸ் எப்பவும் அழுக்காவே, அதாவது மாற்றம் இருக்கறதாவே, காட்டும். டாட் கிட்மாட்யூல்ஸ்ல அந்த ப்ளகினுக்கு கீழ இக்னோர் ஈக்வல் டு அன்ட்ராக்ட்னு ஒரு வரி போட்டா அடங்கிடும்.

மிளகாய்ப்பொடி:
நான் விஎஸ் கோட் (இன்னொரு எடிட்டர்) ஆள், ஆனா இதே சண்டை எங்க டீம்லயும் உண்டு. கோட் லிஸ்ட்-எக்ஸ்டென்ஷன்ஸ் அடிச்சு ஃபைல்ல வெச்சுட்டு புது மெஷின்ல இன்ஸ்டால்-எக்ஸ்டென்ஷன்க்கு ஊட்டறோம். ஷோ-வெர்ஷன்ஸ் சேர்க்காம எடுத்தா பேர் மட்டும்தான் வரும், அப்ப ஆளுக்கு ஒரு வெர்ஷன் இறங்கி, ஒருத்தர் சேவ் பண்ணா ஃபைல் முழுக்க ஃபார்மேட் மாறி, ரிவ்யூவுல சிவப்பும் பச்சையுமா நிக்குது. அதனால நரி அண்ணா பின்னிங் (வெர்ஷனை நிலையா வெக்கறது) பத்தி சொன்னதுக்கு என் ஓட்டு, எந்த டூல்ல பண்ணாலும் சரி.

பனங்காட்டுநரி:
@கன்சோல்காரன் அழிக்கறது தொல்லைதான், இல்லைன்னு சொல்லல. ஆனா லாக் ஃபைல், ஸ்னாப்ஷாட் எல்லாம் தெரிஞ்சு தேடிப் போறவங்களுக்கு. இங்க புதுசா வர்றவங்களுக்கு ஒட்டற விம்ஆர்சில ஒண்ணுலயாவது கமிட் குறிச்சிருக்கா? வெறும் பேர் பட்டியல்தான். சப்மாட்யூல்ல பின்னிங்கை மறக்கணும்னாலும் மறக்க முடியாது, சேர்த்த உடனே அதுவா பதிஞ்சிடுது. எனக்கு அதுதான் முக்கியம்.

கன்சோல்காரன்:
அப்ப பிரச்சனை நாம ஒட்டற விம்ஆர்சி, மேனேஜர் இல்ல. சரி, இந்த வாரமே நான் ஒட்டின பழைய உதாரணத்துல எல்லா வரியிலும் கமிட் போட்டு மாத்திடறேன், ப்ளக்டிஃப் (டி அழுத்தினா வர்ற அந்தப் பட்டியல்) எப்படி படிக்கறதுன்னும் கீழ எழுதறேன். ஆனா ஆரம்பிக்கறவங்களுக்கு சப்மாட்யூல் சொல்லிக்குடுக்கறதுக்கு நான் இப்பவும் எதிர்ப்புதான்.

பனங்காட்டுநரி:
போடுங்க. பக்கத்துலயே பேக் ஃபோல்டர் வழியையும் நான் எழுதி ஒட்டறேன், ராத்திரிஷிஃப்ட் சொன்ன இக்னோர் வரியோட சேர்த்து. வர்றவங்க ரெண்டையும் பார்த்துட்டு எடுத்துக்கட்டும்.