ஈஸ்ட் ஹாமில் ரூம் தேடுகிறவர்களுக்கு: வந்து இறங்கும் முன் ஒரு வார்த்தை

"லண்டன் வருகிறேன், ஈஸ்ட் ஹாம் தமிழ் ஏரியாவாமே, அங்கேயே ரூம் பார்க்கட்டுமா?" என்று வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். தாராளமாகப் பாருங்கள். நானும் அங்கே மூன்று வருஷம் இருந்தவன்தான். ஆனால் அந்தத் 'தமிழ் ஏரியா' பட்டத்தை மட்டும் நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஈஸ்ட் ஹாம், நியூஹாம் என்ற உள்ளாட்சி (கவுன்சில்) எல்லைக்குள் வருகிறது. 2021 சென்சஸ்படி நியூஹாமில் சுமார் 3,51,000 பேர். ஆசிய வம்சாவளியினர் 42 சதவீதம். அதில் வங்கதேசத்தவர்தான் அதிகம், அடுத்து இந்தியர், பாகிஸ்தானியர். வெள்ளைக்கார பிரிட்டிஷ்காரர்கள் 15 சதவீதம்கூட இல்லை. ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் தமிழ்ப் பலகைகளைப் பார்த்து ஊரே நம்முடையது என்று நினைத்துவிடுவோம். இரண்டு தெரு தள்ளினால் ருமேனிய மொழி காதில் விழும். அந்தப் பலகைகளில் பலவும் 1983க்குப் பிறகு வந்த இலங்கைத் தமிழர்களின் உழைப்பு. மளிகைக் கடையில் "தம்பி, ஊரில எவடம்?" என்று கேட்டால் முழிக்காதீர்கள், எந்த இடம் என்றுதான் கேட்கிறார்கள்.

இந்த ஏரியாவின் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள வீடுகளைப் பாருங்கள். துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்தவர்கள் குடியிருந்த, நூறு வருஷத்துக்கு மேல் பழசான வரிசை வீடுகள் இவை. அந்தத் துறைமுகமான ராயல் டாக்ஸில் 1981இல் கப்பல் சரக்கு நின்றுபோனது. ஒரு குடும்பம் இருந்த வீட்டில் இப்போது ஆறு பேர், ஏழு பேர். இரண்டு மூன்று வருஷம் காசு சேர்த்தவர்கள் கிழக்கே இல்ஃபோர்டு பக்கம் நகர்ந்துவிடுவார்கள். காலியான கட்டிலுக்கு அடுத்த விமானத்தில் ஆள் வந்துவிடும். எங்கள் வீட்டிலேயே கேனரி வார்ஃப் ஆபீஸ் வட்டாரத்தில் கம்ப்யூட்டர் கோட் எழுதுகிறவர், முதியோர் இல்லத்தில் நைட் ஷிஃப்ட் போகிற அக்கா, ஒரு மாணவர், நான். ஏரியாவின் சராசரி வருமானம் என்று ஒரு எண்ணைக் காட்டினால் அது எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் பொருந்தாது.

நான் முதலில் பார்த்த ரூமைச் சொல்கிறேன். முன் ஹாலையே படுக்கையறையாக மாற்றியிருந்தார்கள். ஒவ்வொரு கதவிலும் தனிப் பூட்டு. ஃப்ரிட்ஜில் தட்டுக்குத் தட்டு செலோடேப் ஒட்டி பெயர். வாடகை மலிவு, கையில் காசாகக் கொடுக்க வேண்டும். கடைசியில் ஓனர், "இந்த அட்ரஸுக்கு லெட்டர் எதுவும் வரக் கூடாது" என்றார். அந்த ஒரு வரியிலேயே கிளம்பியிருக்க வேண்டும். நாலு மாதம் இருந்தேன், முட்டாள்தனம். முகவரிச் சான்று இல்லாமல் பேங்க் கணக்குக்கு அலைந்த அலைச்சல் இருக்கிறதே! (ஜிபி எனும் குடும்ப டாக்டரிடம் பதிய மட்டும் முகவரிச் சான்று கட்டாயமில்லை. கேட்டு மறுத்தால் விடாதீர்கள்.)

ஒரே குடும்பமல்லாத ஐந்து பேரோ அதற்கு மேலோ சமையலறையைப் பகிர்ந்துகொண்டால் அந்த வீட்டுக்கு இங்கிலாந்து முழுக்க லைசென்ஸ் கட்டாயம். நியூஹாம் இன்னும் கறார். கவுன்சில் எல்லை முழுவதும் தனியார் வாடகை வீடுகளுக்கு லைசென்ஸ் கேட்கும் முறையை 2013இலேயே கொண்டுவந்தது. வீட்டுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கவுன்சில் இணையதளத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிஷ வேலை. டெபாசிட் பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட வேண்டும். ஓனரும் அதே வீட்டில் குடியிருந்தால் இந்தத் திட்டம் உங்களுக்குப் பொருந்தாது, அதனால் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கவுன்சிலுக்குக் கட்டும் வீட்டு வரியான கவுன்சில் டாக்ஸ், அறை அறையாக விட்ட வீட்டில் ஓனர் தலையில். முழு வீட்டையும் எடுத்தால் நம் தலையில்.

போக்குவரத்தில் குறை சொல்ல முடியாது. ஈஸ்ட் ஹாம் ரயில் ஸ்டேஷன் 3, 4 இரண்டு கட்டண ஸோனுக்கும் பொது. லண்டன் நடுப்பகுதிக்குப் போகும்போது 3ஆகக் கணக்கிடுவார்கள். கேனரி வார்ஃப் போக வெஸ்ட் ஹாமில் இறங்கி ஜூபிலி லைன்.

கமெண்டில் ஒரு தங்கை, "குழந்தைகளோடு வருகிறோம், ஸ்கூல் எப்படி அண்ணா?" என்று கேட்டிருந்தார். வறுமை அதிகமுள்ள பகுதி என்பதால் பள்ளியும் மோசம் என்று முடிவு கட்டாதீர்கள் தங்கச்சி. இங்கே உள்ள பிராம்ப்டன் மேனர் பள்ளிக்கு 2021இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜிலிருந்து 55 ஆஃபர்கள் வந்தன, பணக்காரத் தனியார் பள்ளியான ஈட்டனுக்கு 48தான். தொடக்கப்பள்ளியில் மதியச் சாப்பாடும் இலவசம். ஆனால் பள்ளியில் இடம் பெரும்பாலும் வீட்டின் தூரத்தைப் பொறுத்து அமையும், அதனால் பள்ளியைப் பார்த்துவிட்டு வீட்டைத் தேடுங்கள். தெருவை ஞாயிறு காலையில் மட்டும் பார்க்க வேண்டாம். வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு ஒரு நடை போய்விட்டு வந்து இங்கே எழுதுங்கள், தெருப் பெயரோடு, தெரிந்தவர்கள் சொல்வார்கள்.