"படகு இல்லம்மா, கை இருக்கு"

எண்ணூர் காட்டுக்குப்பத்திலிருந்து:

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றில் கலந்தது. வலை, படகு, அலையாத்திச் செடி எல்லாம் கறுப்பு. அரசு நிவாரணம் அறிவித்தது: மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகைச் சரிசெய்ய 10,000. எங்கள் தெருவில் கணக்கெடுக்க வந்தவர்கள் கேட்டது இரண்டே கேள்வி. படகு எண் இருக்கிறதா? மீனவர் சங்க அட்டை இருக்கிறதா? அம்மாவிடம் இரண்டும் இல்லை. முப்பது வருஷமாகக் கழுத்தளவு தண்ணீரில் குந்தி நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர். பல்லில் கவ்விக்கொள்ளும் ஓலைப் பறிக் கூடை ஒன்றுதான் அவருடைய கருவி.

அடுத்த வருஷம், சேப்பாக்கத்தில் இருக்கிற சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகம் படிக்கிற பெண் ஒருத்தி ஆய்வுக்காக வந்தாள். நிவாரணம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை என்பதுதான் தலைப்பு. அவள் கொண்டுவந்த கேள்வித்தாளிலும் மூன்றாவது கேள்வி 'படகு உண்டா?' என்பதுதான். அம்மா, "படகு இல்லம்மா, கை இருக்கு" என்றார். அவள் கொஞ்ச நேரம் எதுவும் எழுதவில்லை. "நாளைக்கு உங்ககூட ஆத்துக்கு வரட்டுமாம்மா?" என்று கேட்டாள்.

விடியற்காலையில் வந்துவிட்டாள். தண்ணீர் எப்போது வற்றுகிறது, எத்தனை பெண்கள் இறங்குகிறார்கள், இறால் கிலோ என்ன விலைக்குப் போகிறது, எண்ணெய் படிந்த பிறகு எத்தனை நாள் யாரும் இறங்கவில்லை என்று எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டாள். அப்புறம் கேள்வித்தாளையே மாற்றி எழுதி, ஏற்கெனவே போன வீடுகளுக்கெல்லாம் மறுபடி போனாள். பாதி வேலை முடிந்த பிறகு தன் கேள்வி தப்பு என்று தெரிந்து திரும்ப நடந்தாளே, அதற்கே ஒரு பரிசு கொடுக்கலாம்.

பட்டியல் எந்த அடிப்படையில் எடுத்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தாள். 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டணும், 30 நாளுக்குள் பதில் வரணும். இப்போது எங்கள் தெருவில் நாலு பேருக்கு அந்த மனு எழுதத் தெரியும்.

ஆய்வேட்டுக்குத் துறையில் முதல் பரிசு கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள். தண்ணீர் வற்றும் நேரத்தைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் அம்மா ஒரு திருத்தம் சொன்னார். அதையும் குறித்துக்கொண்டு போனாள்.

கொருக்குப்பேட்டையிலிருந்து:

தங்கச்சி, இதைப் படித்ததும் எங்கள் ரயில்வே கேட் பையன் ஞாபகம் வந்துவிட்டான். அவனும் பொது நிர்வாகம்தான். சரக்கு ரயிலுக்குக் கேட் மூடும்போதெல்லாம் என் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மணி குறிப்பான். எப்போது மூடினார்கள், எப்போது திறந்தார்கள், எத்தனை வண்டி நின்றது, அதில் ஆம்புலன்ஸ் இருந்ததா. ஒரு வாரம் முழுக்க இதே வேலை. நாங்கள் வருஷக்கணக்காக "ரொம்ப நேரம் மூடுறாங்க" என்று புலம்பியிருக்கிறோம். அது எத்தனை நிமிஷம் என்று ஒருத்தரும் எழுதி வைத்ததில்லை. வார்டு மக்கள் கூடி குறை சொல்கிற ஏரியா சபைக் கூட்டத்தில் அவன் போட்ட கணக்கைத்தான் மனுவோடு சேர்த்துக் கொடுத்தோம். நகல் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

காட்டுக்குப்பத்திலிருந்து:

அண்ணா, அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். எங்கள் கூட்டம் அடுத்த வாரம். இறால் பிடிக்கிற பெண்களின் பட்டியலை நாங்களே அந்த மாதிரி கட்டம் போட்டு எழுதப்போகிறோம்.