1500 வாட் ஹீட்டர் ராடு: கணக்கில் 38.6 ஓம், மீட்டரில் 35.4 ஓம். எது சரி?

நீர்த்துளி:
230 வோல்ட், 1500 வாட் என்று அச்சிட்ட ஹீட்டர் ராடு. பக்கெட் தண்ணீர் சூடாக முன்பைவிட அதிக நேரம் எடுக்கிறது. அளந்தவை:

ராடைச் சொருகும் முன் சாக்கெட்டில் 228 வோல்ட். ராடு ஓடும்போது ஃபேஸ் ஒயரை மட்டும் கிளாம்ப் மீட்டரில் (ஒயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் அளப்பது) பிடித்தால் 5.9 ஆம்பியர். கழற்றி ஆறவிட்டு, பிளக்கின் இரண்டு பின்னுக்கும் இடையே மல்டிமீட்டரில் 35.4 ஓம்.

228 ÷ 5.9 = 38.6 ஓம். 228 × 5.9 = 1345 வாட். லேபிள்படி பார்த்தால் 230 × 230 ÷ 1500 = 35.3 ஓம் வரவேண்டும். அந்த 3 ஓம் எங்கிருந்து வருகிறது? சூட்டில் தடை கூடுகிறதா, இல்லை உள்ளே சூடாகும் கம்பிச்சுருள் (காயில்) போய்விட்டதா?

செப்புக்கம்பி:
ராடு நன்றாகவே இருக்கிறது. மல்டிமீட்டரின் இரண்டு புரோபையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், 0.2, 0.3 ஓம் காட்டும். அது புரோப் ஒயரின் தடை. கழித்தால் 35.1 ஓம், லேபிளோடு ஒத்துப்போகிறது.

சிக்கல் 228-இல்தான். அது லோடு இல்லாதபோது, அதாவது ராடு ஓடாதபோது எடுத்த வோல்ட், 5.9 லோடு இருக்கும்போது எடுத்த ஆம்பியர். இரண்டையும் ஒரே நேரத்தில், ராடின் முனையில் அளந்தால்தான் வகுத்து வரும் விடை ராடின் தடை. 35.1 × 5.9 = 207. அதாவது ராடுக்குப் போய்ச் சேர்வது சுமார் 207 வோல்ட்தான் என்று உங்கள் எண்களே சொல்கின்றன. ராடை ஓடவிட்டு, அதே போர்டில் பக்கத்து சாக்கெட்டில் வோல்டேஜ் பாருங்கள். கூடவே மெயின் சுவிட்சிலும், சாக்கெட்டின் நியூட்ரல்–எர்த் இடையிலும் பாருங்கள். ராடு தண்ணீரில் மூழ்கியே இருக்கவேண்டும். ஓடும்போது பக்கெட்டையோ தண்ணீரையோ தொடக்கூடாது.

ஃபேஸ்டெஸ்டர்:
சூட்டைப் பற்றிக் கேட்டதற்கு: ராடுக்குள் இருப்பது நிக்ரோம் கம்பி. செக்கச்சிவக்கக் காய்ந்தாலே அதன் தடை சில சதவீதம்தான் ஏறும். தண்ணீருக்குள் அவ்வளவு சூடும் ஆகாது. 10 சதவீத வித்தியாசத்துக்கு அது காரணமில்லை.

குண்டு பல்பு வேறு கதை. 60 வாட் பல்பு எரியும்போது 882 ஓம். ஆறிய நிலையில் அளந்தால் 60, 70 ஓம்தான் காட்டும். டங்ஸ்டனுக்கு மல்டிமீட்டர் ஓம் அளவை நம்பி வாட் கணக்குப் போடக்கூடாது.

காயில் அறுந்திருந்தால் மீட்டர் ஓப்பன் (இணைப்பே இல்லை என்று) காட்டும், ராடே சூடாகாது. மீட்டர் கையில் இருக்கும்போதே ஒரு பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே பாருங்கள். மெகா ஓமில் இருக்கவேண்டும். சில கிலோ ஓம் காட்டினால் உறைக்குள் ஈரம் இறங்கிவிட்டது. ராடைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், பாத்ரூமில் உயிரோடு விளையாட வேண்டாம்.

நீர்த்துளி:
எர்த் பின்னுக்கு மீட்டர் ஓப்பன்தான் காட்டுகிறது. ராடு ஓடும்போது: மெயினில் 227, சாக்கெட்டில் 207, நியூட்ரல்–எர்த் 19 வோல்ட். ராடை நிறுத்தினால் நியூட்ரல்–எர்த் 1-க்கும் கீழே. மெயினிலிருந்து பாத்ரூம் சுமார் 15 மீட்டர், 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் ஒயர்.

செப்புக்கம்பி:
இடம் கிடைத்துவிட்டது. வீட்டு ஒயரிங்குக்குள்ளேயே 20 வோல்ட் விழுகிறது. 20 ÷ 5.9 = 3.4 ஓம். 1.5 ஸ்கொயர் காப்பருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 12.1 ஓம், போக வர 30 மீட்டருக்கு 0.36 ஓம். ஒயரில் விழவேண்டியது 2 வோல்ட் மட்டுமே. மீதி 18 வோல்ட் ஏதோ ஒரு ஜாயிண்டில் விழுகிறது. நியூட்ரல்–எர்த் 19 காட்டுவதால் அது நியூட்ரல் பக்கம். ஃபேஸ் பக்கம் லூஸ் என்றால் அங்கே 1 வோல்ட்தான் இருந்திருக்கும். எர்த் சரியாக இருந்தால்தான் இந்தச் சோதனை செல்லும். நியூட்ரல் பக்கம் 19, ஃபேஸ் ஒயரில் 1, கூட்டினால் 20 வருவதால் எர்த் இருக்கிறது.

இப்போது 18 × 5.9 = 106 வாட். ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைப்போல நான்கு மடங்கு சூடு, சுவருக்குள் ஒரு ஸ்க்ரூ முனையில். சரிசெய்யும்வரை அந்த போர்டில் ராடைப் போடாதீர்கள்.

உங்கள் 1345 வாட் வீண் கணக்கில்லை. கிட்டத்தட்ட அவ்வளவை ஈபி மீட்டர் எண்ணுகிறது. தண்ணீருக்குப் போவது 207 × 5.9 = 1221. 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற 2200 கிலோஜூல் வேண்டும். 1500 வாட்டில் 24 நிமிடம், 1221-இல் 30 நிமிடம். வெளியே போகும் சூட்டைச் சேர்த்தால் இன்னும் கூடும். தாமதத்துக்குக் காரணம் இதுதான்.

ஃபேஸ்டெஸ்டர்:
மெயினை அணைத்து, டெஸ்டரோடு நிறுத்தாமல் மீட்டரிலும் 0 என்று பார்த்த பிறகே போர்டைத் திறக்கவேண்டும். முதலில் சாக்கெட்டின் நியூட்ரல் ஸ்க்ரூ, அடுத்து ஜங்ஷன் பாக்ஸில் நியூட்ரல் முறுக்கு, கடைசியாக டிபியில் (டிஸ்ட்ரிபியூஷன் போர்டு) நியூட்ரல் ஒயர்கள் சேரும் நியூட்ரல் லிங்க். இன்சுலேஷன் பழுப்பாகி இறுகியிருக்கும் இடம்தான் அது. ஸ்க்ரூவை இறுக்கினால் மட்டும் போதாது: கருத்த செம்பில் ஆக்சைடு படிந்திருக்கும், சில மாதத்தில் மறுபடி சூடாகும். கருத்த பகுதியை வெட்டி, பளபளப்பான கம்பி வரும்வரை சீவி, பித்தளைக் கனெக்டரில் பூட்டச் சொல்லுங்கள். முறுக்கி டேப் சுற்றும் வேலை வேண்டாம். சாக்கெட் 6 ஆம்பியர் வகையாக இருந்தால் 16 ஆம்பியருக்கு மாற்றுங்கள். முழு வோல்டேஜில் இந்த ராடு 6-ஐத் தாண்டும். பழக்கமில்லையென்றால் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள், ஆனால் மேலே உள்ள எண்களைக் காட்டுங்கள்.

முடிந்ததும் ராடை ஓடவிட்டு அளந்தால் சாக்கெட்டில் 224, 225 வோல்ட், கிளாம்பில் 6.4 ஆம்பியர், நியூட்ரல்–எர்த் 1 வோல்ட் சுமார் வரவேண்டும். பெருக்கினால் 1440 வாட்டை ஒட்டி நிற்கும். அரைமணி நேரம் ஓடிய பிறகு ராடை அணைத்துக் கழற்றி, பிளக் பின்னைத் தொட்டுப் பாருங்கள். ஒரு பின் மட்டும் சுட்டால் சாக்கெட்டின் உள்பிடி தளர்ந்திருக்கிறது. பக்கத்து சாக்கெட்டில் எடுத்த அளவு அதைக் காட்டாது.