உதவி: சின்னதாக மடங்கும் மூன்று சக்கர ஸ்ட்ரோலர் வேண்டும், ஜாகிங்கும் போக வேண்டும்

அவசரக்குடுக்கை:
வணக்கம். குழந்தைக்கு ஸ்ட்ரோலர் வாங்க வேண்டும். மூன்று சக்கரம், சின்னதாக மடங்க வேண்டும். தினசரி வெளியே போகவும் காலையில் ஜாகிங் போகவும் ஒரே வண்டி போதும் என்று நினைக்கிறேன். ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஜம்மென்று இருக்கிறது, ஒரு கையாலேயே மடிகிறது. தள்ளுபடி இன்று இரவோடு முடிகிறது. வாங்கலாமா? சீக்கிரம் சொல்லுங்கள் ப்ளீஸ்.

மெதுநடை:
எதை வாங்கலாமா? பெயரும் இல்லை, படமும் இல்லை. குழந்தைக்கு என்ன வயது? அதை முதலில் சொல்லுங்கள் சகோ.

இரட்டையர்_அம்மா:
கூடவே இதையும் சொல்லுங்கள். மாடி வீடா, லிஃப்ட் உண்டா? கார் டிக்கியில் ஏற்ற வேண்டுமா? ஓடப்போவது நீங்கள் மட்டுமா, வீட்டில் இன்னொருவருமா? தார்ச்சாலையா, மண் பாதையா? இது எதுவும் தெரியாமல் யார் என்ன சொன்னாலும் அவரவர் வீட்டு வண்டியைத்தான் சொல்வார்கள்.

காற்றடி_மன்னன்:
எதுவும் கேட்க வேண்டாம். டயரைப் பாருங்கள். டியூப் வைத்துக் காற்றடிக்கும் டயரா? ஆம் என்றால் வாங்குங்கள், இல்லை என்றால் விடுங்கள். ஓடும்போது தரையில் இருந்து வரும் அதிர்ச்சி முதலில் டயரில்தான் அடங்க வேண்டும். ஸ்பிரிங் எல்லாம் அதற்கு அப்புறம்தான். கெட்டி ரப்பர் டயரில் ஓடினால் ஒவ்வொரு சிறு கல்லும் குழந்தையின் முதுகுக்குப் போய்ச் சேரும்.

பழைய_சைக்கிள்:
மூன்று சக்கரம் இருந்தாலே ஜாகிங் வண்டி என்று நம்பும் இன்னொருவர். வாருங்கள். இந்தப் பகுதியின் உச்சியில் இதற்கென்றே ஒரு பதிவு எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். அதை யாரும் படிப்பதில்லை, தள்ளுபடி விளம்பரத்தை மட்டும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள்.

சுருக்கம்: பின்சக்கரம் 16 அங்குலம், முன்சக்கரம் 12 அங்குலம், காற்று டயர், முன்சக்கரம் திரும்பாமல் நேராகவே நிற்க வேண்டும். மற்றதெல்லாம் பொம்மை.

இரட்டையர்_அம்மா:
முன்சக்கரம் எப்போதுமே திரும்பாத வண்டியைக் கூட்டமான கடைக்குள் ஓட்டிப் பாருங்கள் சார். ஒவ்வொரு வளைவிலும் கைப்பிடியை அழுத்தி, முன்பக்கத்தைத் தூக்கித் திருப்ப வேண்டும். அவர் தினசரிக்கும் சேர்த்துத்தானே கேட்கிறார்? நடக்கும்போது சுழன்று, ஓடும்போது லாக் ஆகிற முன்சக்கரம்தான் அவருக்குச் சரி. தூலே அர்பன் கிளைடு மாதிரி வண்டிகள் அப்படித்தான் வருகின்றன.

பழைய_சைக்கிள்:
லாக் செய்ய மறந்துவிட்டு ஓடுபவர்களைப் பார்த்திருக்கிறேன் அம்மா. சுழலும் சக்கரம் வேகம் கூடினால் இரண்டு பக்கமும் படபடவென்று ஆட ஆரம்பிக்கும். ஒரு சிறு குழியில் பட்டுப் பக்கவாட்டில் திரும்பினால் வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும், பின்னால் ஓடி வருபவர் நிற்க மாட்டார். அதனால்தான் திரும்பாத சக்கரம் என்றேன். மறப்பதற்கே வழியில்லை.

அவசரக்குடுக்கை:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். குழந்தைக்கு ஐந்து மாதம். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கார் இருக்கிறது, டிக்கி சின்னது. நானும் கணவரும் மாறி மாறி ஓடுவோம், அவர் நல்ல உயரம். நான் பார்த்த வண்டியில் முன்சக்கரம் லாக் ஆகும் என்று போட்டிருக்கிறது. டயர் ரப்பர் மாதிரி, பஞ்சரே ஆகாதாம். குழந்தை அழுகிறது, அப்புறம் வருகிறேன்.

மெதுநடை:
ஐந்து மாதமா! அப்படியென்றால் அக்கா, இன்று இரவு முடியும் தள்ளுபடிக்கு நீங்கள் ஓடவே வேண்டாம். குழந்தையை வைத்து ஓடக் குறைந்தது 6 மாதம் என்று சில தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள், 8 மாதம் என்று சொல்பவர்களும் உண்டு. கழுத்து நன்றாக நின்று, குழந்தை தானாக உட்காரும் பக்குவம் வர வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் இன்னும் பொறுக்க வேண்டும். எதுவானாலும் குழந்தையைப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். அதுவரை நடை மட்டும்.

இன்னொன்றும் உண்டு. கார் சீட்டையோ படுக்கைத் தொட்டியையோ ஸ்ட்ரோலர் சட்டத்தில் மாட்ட முடியும் என்பதற்காக அதோடு ஓடிவிடக் கூடாது. அந்த இணைப்பு நடப்பதற்கு மட்டும்தான்.

கையேடு_படிப்பவன்:
பஞ்சராகாத ரப்பர் டயர், லாக் ஆகும் முன்சக்கரம், ஒரு கை மடிப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் அது ஜாகிங் வண்டி அல்ல. அந்த லாக் ஓடுவதற்காக வைத்ததாக இருக்காது, கரடுமுரடான பாதையிலும் மணலிலும் தள்ளுவதற்காக வைத்திருப்பார்கள். பேபி ஜாகர் சிட்டி மினி ஜிடி2 தெரிந்த உதாரணம். மூன்று சக்கரம், முன்சக்கரம் லாக் ஆகும், நிறுவனத்தின் பெயரிலேயே ஜாகர் இருக்கிறது. ஆனால் அதை வைத்து ஓடக் கூடாது என்று அவர்களே சொல்கிறார்கள். ஓட அவர்களிடமே சம்மிட் எக்ஸ்3 தனியாக இருக்கிறது.

கடைக்காரரிடம் கேட்காதீர்கள், கையேட்டை இறக்கிப் பாருங்கள். இ.என். 1888 என்ற ஐரோப்பியத் தரநிலையின்படி வரும் வண்டிகளில், ஓடுவதற்கும் ஸ்கேட்டிங்குக்கும் இது ஏற்றதல்ல என்று ஓர் எச்சரிக்கை இருக்கும். முதல் சில பக்கங்களிலேயே வந்துவிடும். அந்த வரி இருந்தால் பேச்சே வேண்டாம்.

காற்றடி_மன்னன்:
நான் முதலிலேயே சொன்னேன். டயர்.

சும்மா_வந்தேன்:
டயர் டயர் என்கிறீர்களே, பாதி வழியில் முள் குத்தினால் பஞ்சர் ஒட்டப் போவது யார்? குழந்தை அலறும், நீங்கள் டியூபை உருவிக்கொண்டிருப்பீர்கள். எங்கள் வீட்டில் கெட்டி டயர்தான். நிம்மதி.

காற்றடி_மன்னன்:
ஓடுவீர்களா, நடப்பீர்களா?

சும்மா_வந்தேன்:
வேகமாக நடப்போம்.

காற்றடி_மன்னன்:
அவ்வளவுதான் விஷயம். பஞ்சருக்குப் பயமென்றால் டியூபுக்குள் சீலன்ட் திரவம் ஊற்றிவிடுங்கள், சின்ன ஓட்டை தானாக அடைபடும். வால்வு பெரும்பாலும் கார் டயரில் இருக்கும் அதே வகைதான், வீட்டில் இருக்கும் பம்ப் போதும். டயரின் பக்கவாட்டில் அதிகபட்ச அழுத்தம் அச்சிட்டிருக்கும், அதைத் தாண்டாதீர்கள். இரண்டு பின்டயரிலும் ஒரே அளவு காற்று இருக்கட்டும். ஒன்றில் குறைந்தால் வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும். வண்டியில் கோளாறு என்று திருப்பி அனுப்புபவர்களில் பாதிப் பேருக்கு இதுதான்.

பழைய_சைக்கிள்:
பாதிப் பேர் என்று எண்ணிப் பார்த்தீர்களாக்கும். இழுப்பதற்கு முன்சக்கரம் கோணலாக உட்கார்ந்திருப்பதும் காரணம். முன்சக்கரத்தைக் கழற்றி, அச்சு இரண்டு பக்கமும் கடைசி வரை ஏறியிருக்கிறதா என்று பார்த்துத் திரும்ப மாட்ட வேண்டும். பிறகு சமதளத்தில் காலி வண்டியை லாக் போட்டுத் தள்ளிவிடுங்கள். நேராகப் போகாவிட்டால், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் அருகே நேர்படுத்தும் திருகு இருக்கும், சிறிது சிறிதாகத் திருப்பிச் சரிசெய்யலாம்.

கழற்றி மாட்டும் நெம்புகோலை இறுக்கத் தெரியாமல் விழுந்தவர்கள் உண்டு. க்விக் ரிலீஸ் என்பது அதுதான். மூடும்போது உள்ளங்கையில் தடம் பதியும் அளவுக்கு அழுத்தம் வேண்டும். சும்மா மடக்கினால் மூடியதாக அர்த்தமில்லை. 2018இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் முன்சக்கரம் கழன்று விழும் புகார்களுக்காக ஒரு ஜாகிங் வண்டி நிறுவனத்தின் மேல் வழக்கே போட்டது. அந்த ஆண்டே சமரசமானது, நெம்புகோலைச் சரியாகப் பூட்டுவது எப்படி என்று நிறுவனம் மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது. சைக்கிள் ஓட்டியவனுக்கு இதெல்லாம் பால பாடம்.

இரட்டையர்_அம்மா:
சரி, பாடம் போதும். அவர் மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. அதற்கு யாராவது பதில் சொன்னீர்களா? ஓடுவதற்கென்றே வரும் வண்டி 11 கிலோவுக்கு மேல்தான் பெரும்பாலும். குழந்தையையும் தூக்கிக்கொண்டு, இதையும் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினால் அதற்குப் பிறகு ஜாகிங் எதற்கு?

என் யோசனை: தினசரிக்கு ஆறேழு கிலோ எடையில் சின்னதாக மடங்கும் வண்டி ஒன்று. ஓடுவதற்கு நல்ல ஜாகிங் வண்டி, பழசாக இருந்தாலும் பரவாயில்லை, கீழேயோ காரிலோ இருக்கட்டும். ஒரே வண்டியில் இரண்டையும் எதிர்பார்த்தால் எடையிலோ அகலத்திலோ இடிக்கும்.

கையேடு_படிப்பவன்:
ஏன் இடிக்கிறது என்றால், மூன்று சக்கர வண்டி வளைவில் சாயும்போது விழுவது நேர் பக்கவாட்டில் அல்ல, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைப்பட்ட கோட்டின் மேல். அந்தக் கோட்டிலிருந்து குழந்தையின் எடை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நிதானம். அதற்காகத்தான் பின்பக்கம் அகலமாகவும் முன்சக்கரம் நன்றாக முன்னால் தள்ளியும் வைக்கிறார்கள். இதைச் சுருக்கினால் டிக்கிக்குள் போகும், வளைவில் கவிழும். கைப்பிடியில் கனமான பை தொங்கவிடுவதும் அதே கதைதான், பின்பக்கமாகச் சாய்த்துவிடும். சாமானுக்கு அடியில் கூடை இருக்கிறது.

ஆனால் ஒன்று. நல்ல ஜாகிங் வண்டிகளில் சக்கரங்களை ஒரு பொத்தானில் கழற்றலாம். மூன்றையும் கழற்றினால் மடித்த சட்டம் தட்டையாகிவிடும், சின்ன டிக்கியிலும் படுத்துக்கொள்ளும். மடித்த அளவை மட்டும் பார்க்காமல், சக்கரம் கழற்றிய அளவையும் தேடுங்கள். தயாரிப்பாளர் பக்கத்தில் சிலர் தருவார்கள்.

சும்மா_வந்தேன்:
ஓடும்போது தூசி, வெயில் எல்லாம் குழந்தை மேல் படுமே. மேலே ஒரு மெல்லிய துணி போட்டு மூடிவிட்டால் தூங்கிக்கொண்டே வரும். நாங்கள் அப்படித்தான்.

மெதுநடை:
தயவுசெய்து வேண்டாம். மெல்லிய துணிதானே என்று தோன்றும், ஆனால் உள்ளே காற்று நின்றுவிடும், சூடு ஏறிக்கொண்டே போகும். குழந்தையின் முகமும் உங்களுக்குத் தெரியாது. வண்டியின் குடையை நன்றாக இழுத்துவிடுங்கள், தேவைப்பட்டால் வலைத்துணி போடுங்கள்.

சும்மா_வந்தேன்:
இத்தனை நாள் போட்டோம், ஒன்றும் ஆகவில்லை. எல்லாவற்றுக்கும் பயமுறுத்தினால் எப்படி?

மெதுநடை:
ஒன்றும் ஆகவில்லை என்பது சந்தோஷம். ஒரு வெயில் நாளில், குழந்தை உள்ளே இல்லாதபோது, ஒரு தெர்மாமீட்டரை வைத்து மூடிப் பாருங்கள். நான் சொல்ல வேண்டாம், அதுவே சொல்லும்.

சும்மா_வந்தேன்:
ஈரத்துணி போட்டால்?

மெதுநடை:
ஈரமோ காய்ந்ததோ, நாலு பக்கமும் மூடினால் மூடியதுதான். விடுங்கள், இதற்குத் தனி இழை திறந்து சண்டை போடலாம்.

பழைய_சைக்கிள்:
ஆச்சரியம், மெதுநடை சொல்வதோடு எனக்கு உடன்பாடு.

உயரமானவன்:
கணவர் உயரம் என்றாரே, அதை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். நானும் அப்படித்தான். கைப்பிடி உயரம் மாற்ற முடியாத வண்டியில் குனிந்தபடியே ஓட வேண்டியிருக்கும், இடுப்பு போய்விடும். தொப்புள் மட்டத்துக்குக் கைப்பிடி வந்து, முழங்கை லேசாக மடங்கினால் சரி. அதைவிட முக்கியம், காலை நீட்டி எட்டு வைக்கும்போது பின் அச்சில் உதைக்கிறதா என்பது. நடந்து பார்த்தால் இது தெரியாது. கடையிலேயே முன்சக்கரத்தை லாக் செய்து, வெட்கப்படாமல் நாலு எட்டு ஓடிப் பாருங்கள்.

இன்னொன்று, நிறுத்தி வைக்கும் கால் பிரேக்கும் கை பிரேக்கும் வேறு வேறு. கால் பிரேக் நின்ற வண்டியைப் பிடித்து வைக்க மட்டும்தான். ஓடும்போது அதை மிதித்தால் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்ளும். இறக்கத்தில் வேகத்தைக் குறைக்கக் கைப்பிடியிலேயே சைக்கிள் பிரேக் மாதிரி ஒன்று வேண்டும். எல்லா ஜாகிங் வண்டியிலும் அது வருவதில்லை. மேடு பள்ளமான பாதை என்றால் அது இல்லாமல் வாங்காதீர்கள். மணிக்கட்டில் மாட்டும் வாரை எந்தப் பாதையானாலும் மாட்டுங்கள், வண்டியைத் தள்ளிவிட்டுத் துரத்தி ஓடும் வித்தையெல்லாம் வேண்டாம்.

இரட்டையர்_அம்மா:
பெல்ட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு தோள், இரண்டு இடுப்பு, காலிடுக்கு என்று ஐந்து முனையும் இருக்க வேண்டும். ஓடும்போது ஐந்தும் பூட்டியிருக்க வேண்டும், தூங்குகிறதே என்று தளர்த்தக் கூடாது.

பழசு வாங்கினால் சக்கரத்தை அசைத்துப் பாருங்கள், மடிக்கும் பூட்டில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். மாடல் எண்ணை வைத்துத் திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதும் வந்திருக்கிறதா என்றும் தேடுங்கள்.

அவசரக்குடுக்கை:
எல்லோருக்கும் நன்றி. கையேட்டில் தேடினேன், ஓடக் கூடாது என்ற வரி நான்காம் பக்கத்திலேயே இருக்கிறது. வாங்கவில்லை. தள்ளுபடியை வார இறுதி வரை நீட்டிவிட்டார்கள், அது வேறு கதை. இப்போதைக்கு நடக்க ஒரு லேசான வண்டி. ஓட்டத்துக்கு டாக்டரிடம் கேட்டுவிட்டு, கணவரையும் கடைக்குக் கூட்டிப்போய் ஓடவிட்டுப் பார்த்துத்தான்.

காற்றடி_மன்னன்:
லேசான வண்டியின் டயர் என்ன வகை?

புதுவரவு:
இதே இழையில் கேட்கலாமா? என் ஜாகிங் வண்டியில் ஓடும்போது வலது பின்சக்கரம் கீச் கீச் என்கிறது. மழையில் ஒருமுறை நனைந்தது. என்ன செய்வது?

பழைய_சைக்கிள்:
சக்கரத்தைக் கழற்றி அச்சையும் துளையையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். மணல் இருக்கும். பிறகு கையேட்டில் சொன்ன மசகு ஒரு துளி, பிரேக் பக்கம் படாமல். மேலும் கேள்வி இருந்தால் புது இழை திறக்கவும், இதைப் பூட்டப் போகிறேன்.