மூக்குக் கூம்புக்கு 3 ஷியர் பின்னா, 4-ஆ? அட்டைக் குழாயில் போட்டவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். 4 அங்குல அட்டைக் குழாய் ராக்கெட், இரட்டைப் பாராசூட்: உச்சியில் விரியும் சிறியது டிரோக், கீழே வந்தபின் விரியும் பெரியது மெயின். மெயின் விரியும் நேரம் வரை கூம்பைக் குழாயோடு பிடித்திருந்து, பிறகு அறுந்து வழிவிடும் நைலான் திருகுகள்தான் ஷியர் பின்கள். கூம்பின் எடை 700 கிராம். உச்சியில் டிரோக் வெடிமருந்து வெடித்துக் கயிறு முழுநீளத்துக்கு இழுபடும்போது, அந்தத் திடீர் இழுப்பில் கூம்பும் கழன்றால் மெயின் மேலேயே விரிந்துவிடும். பிறகு காற்று எங்கே கொண்டுபோகிறதோ அங்கேதான் தேட வேண்டும்.

2-56 அளவு நைலான் திருகு ஒன்று 25 முதல் 35 பவுண்டு விசையில் அறுகிறது. அந்த இழுப்பை 50 ஜி (புவியீர்ப்பைப் போல் 50 மடங்கு) என்று வைத்தால் கூம்பு இழுப்பது சுமார் 77 பவுண்டு. மூன்று பின் குறைந்தபட்சம் 75தான் தாங்கும், போதாது. நான்கு என்றால் 100 முதல் 140. மெயின் அறையில் 15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு) அழுத்தம் வந்தால் கூம்பின் மேல் சுமார் 185 பவுண்டு, நான்கையும் அறுத்துவிடும். அறை நீளம் 18 அங்குலம், கருமருந்து 1.7 கிராம். காற்றுத்துளையும் உண்டு.

கவலை அட்டையைப் பற்றித்தான். துளை ஓரம் நசுங்கினால் நைலான் அறுபடாமல் சாய்ந்து வளைந்து, கூம்பு பாதியில் சிக்கிக்கொள்ளும். மெல்லிய சூப்பர் குளூவை ஊறவிட்டு மறுபடி துளையிட்டால் போதுமா, உள்ளே பித்தளைத் தகடு பதித்தே ஆக வேண்டுமா? தகடு என்றால் எத்தனை தடிமன்? தரைச் சோதனைக்கு முன் தெரிந்தால் நல்லது.