கோல் விழுந்தது எத்தனையாவது நிமிடம்? ஸ்கோர்போர்டு பார்த்து எழுதியவர்களின் அனுபவங்கள்

நியூ ஜெர்சியில் இருக்கிறேன். உள்ளூர் வார இதழ் ஒன்றுக்கு நாலு சீசனாக ஹைஸ்கூல் சாக்கர் (கால்பந்து) ஆட்டங்களைப் பற்றி எழுதிக் கொடுக்கிறேன். முதல் சீசனில் நடந்த ஒன்று இன்னும் மனதில் கிடக்கிறது.

டிவியில் பார்க்கும் கால்பந்தில் கடிகாரம் பூஜ்யத்தில் தொடங்கி மேலே ஏறும். இங்கே ஹைஸ்கூலில் பாதிக்கு 40 நிமிடம், நான் போகும் மைதானங்களில் ஸ்கோர்போர்டு 40:00-இல் தொடங்கிக் கீழே இறங்கும். அன்றைக்குப் பெண்கள் ஆட்டம். உள்ளூர் அணிப் பெண் கோல் போட்டபோது போர்டில் 31:10. எதிரணி சமன் செய்தபோது 17:45. நோட்டில் அவசரமாக 31, 17 என்று மட்டும் கிறுக்கியிருந்தேன். ராத்திரி வீட்டுக்கு வந்து கட்டுரையை அடித்து, கீழே கோல் பட்டியலில் அந்த எண்களையே நிமிடமாகப் போட்டு அனுப்பிவிட்டேன். இதழின் டெஸ்க்கில் இருந்து கட்டுரைகளைத் திருத்துபவர் 17 முன்னால்தானே வரவேண்டும் என்று வரிசையை மாற்றி, அதற்கேற்ப என் முதல் பத்தியையும் திருத்திவிட்டார். அவர்மேல் குற்றமே இல்லை, எண் கொடுத்தது நான்.

இதழ் வந்த அன்று அந்தப் பெண்ணின் அம்மா கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. "என் மகள் ஹைஸ்கூலில் போட்ட முதல் கோல் அது, எங்கள் அணிக்கு முன்னிலை வாங்கித் தந்த கோல், நீங்கள் அதைச் சமன் செய்த கோல் என்று போட்டிருக்கிறீர்கள்" என்றார். பாட்டிக்கு அனுப்ப வெட்டி எடுத்து வைத்திருந்தாராம். அடுத்த வாரம் திருத்தம் போட்டோம், ஆனால் திருத்தத்தை யார் வெட்டி வைப்பார்கள்?

அதற்கப்புறம் என் பழக்கம் மாறிவிட்டது. கோல் விழுந்ததும் போர்டில் உள்ளதை நொடியோடு அப்படியே எழுதுவேன், பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி. கணக்கெல்லாம் பிறகு. 40:00-இலிருந்து 17:45 போனால் ஓடியது 22:15. இருபத்திரண்டு நிமிடம் முடிந்து அடுத்தது ஓடிக்கொண்டிருப்பதால் அது 23ஆவது நிமிடம். இந்தக் கடைசிப் படியில்தான் பலர் 22 என்று எழுதிவிடுகிறார்கள். சுருக்கு வழி: போர்டில் தெரியும் நிமிடத்தை மட்டும் எடுத்து 40-இலிருந்து கழியுங்கள், இரண்டாம் பாதி என்றால் 80-இலிருந்து. 12:20 இருந்தால் 68ஆவது நிமிடம். நொடி சரியாக :00 என்று இருந்தால் மட்டும் ஒன்று கூட்ட வேண்டும்.

"முதல் பாதியில் 17:45 மீதமிருந்தபோது" என்றே எழுதிவிடும் பத்திரிகைகளும் உண்டு. அதில் தப்பு வராது. ஆனால் வாசிப்பவர் மனதில் ஆட்டம் எங்கே நிற்கிறது என்று சட்டென்று பிடிபடாது என்பதால் எனக்கு 23ஆவது நிமிடம்தான் பிடிக்கும்.

பதில்

அண்ணா, நான் இரவு டெஸ்க்கில் இருந்தவள். நிருபர் போக முடியாத ஆட்டங்களுக்குக் கோச் போன் செய்து முடிவு சொல்வார். பஸ்ஸில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, "பத்து நிமிஷத்தில் ஒன்று போட்டோம்" என்பார். பத்து நிமிடம் ஆனபோதா, பத்து நிமிடம் இருந்தபோதா? இரண்டாம் பாதியில் என்றால் ஒன்று 50-ஐ ஒட்டி, மற்றது 70-ஐ ஒட்டி. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் நான் போனை வைத்ததே இல்லை. அவருக்கே நினைவில்லை என்றால் நிமிடத்தைப் போடாமல் "இரண்டாம் பாதியில்" என்று விட்டுவிடுவேன். கல்லூரி ஆட்டம் வந்தால் பாதிக்கு 45 நிமிடம், கழிக்கும் எண்ணும் மாறும், அதைப் பேப்பரில் எழுதி மானிட்டரில் ஒட்டியிருந்தேன். அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்து லீக்கான எம்எல்எஸ்ஸே 1996-இல் தொடங்கி 1999 சீசன் வரைக்கும் கீழே இறங்கும் கடிகாரத்தில்தான் ஆடியது, அப்புறம்தான் மற்ற நாடுகள் மாதிரி மாற்றினார்கள்.

பதில்

நான் எழுதுபவன் இல்லை, என் பையன் ஆடும் அணிக்கு ஸ்கோர்போர்டு கடிகாரம் ஓட்டும் அப்பா. ஹைஸ்கூல் விதியில் கோல் விழுந்தால் கடிகாரம் நிற்க வேண்டும், அதனால் ஆரவாரம் அடங்கியபின் நிமிர்ந்து பார்த்தாலும் நேரம் அங்கேயே இருக்கும், நிருபர்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ரெஃப்ரி தலைக்கு மேல் கைகளைக் குறுக்காகக் காட்டியபின்தான் நான் பட்டனை அழுத்துகிறேன். அதற்குள் இரண்டு மூன்று நொடி ஓடிவிடும். 17:01-இல் வலைக்குள் போன பந்துக்குப் போர்டில் 16:58 நிற்கும், உங்கள் கணக்கில் 23 என்பது 24 ஆகிவிடும். போன மாதம் இரண்டு நிருபர்கள் ஒரே கோலுக்கு இப்படித்தான் வேறு வேறு நிமிடம் எழுதினார்கள், ஒருவர் பந்தைப் பார்த்து, மற்றவர் போர்டைப் பார்த்து.

மேசையில் என் பக்கத்தில் உட்காரும் அம்மா ஒருவர் ஸ்கோர் புத்தகத்தில் கோல் போட்டவர் எண், பாஸ் கொடுத்தவர் எண், போர்டு நேரம் மூன்றையும் எழுதுகிறார். இடைவேளையில் மேசைக்கு வாருங்கள், காட்டுகிறோம். இதுவரை ஒருவர்தான் வந்திருக்கிறார்.