ஆறு மாதக் கெடுவால் மிச்சமானது யார் பணம்?

தையல்கடை செல்வி:

என் தம்பி கொத்தனார். 2023 ஆகஸ்டில் வேலை முடிந்து டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்துகொண்டிருந்தவனைத் திண்டிவனம் பைபாஸில் பின்னால் வந்த கார் அடித்துப் போட்டது. அப்போது அவனுக்கு 34 வயது. முதுகெலும்பில் அடி, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. 108 வந்து அரசு மருத்துவமனையில் சேர்த்தது. ஆபரேஷன் ஆகி 41 நாள் வார்டில் இருந்தோம். எங்களிடம் ஒரு ரூபாய் கேட்கவில்லை. அந்த டாக்டர்களையும் நர்ஸுகளையும் சாகும்வரை மறக்க மாட்டேன்.

கார்க்காரர் மூன்றாம் நாளே பழம் வாங்கிக்கொண்டு வந்தார். "கேஸ்னு அலையாதீங்கம்மா, நானே பாத்துக்கிறேன்" என்று 20,000 கொடுத்தார். அடுத்த மாதம் 10,000. அப்புறம் போனே எடுப்பதில்லை. 2024 ஏப்ரலில் நஷ்டஈடு கேட்டு மனுப் போட வக்கீலிடம் போனோம். எட்டு மாதம் ஆகிவிட்டது என்று மனுவுக்கு நம்பர்கூடப் போடாமல் திருப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்தேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் நஷ்டஈட்டு மனுவைப் போட வேண்டும் என்று கெடு இருந்திருக்கிறது. அடிபட்டவன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது கெடு வைத்தால் எப்படி என்று 1994-ல் அதை எடுத்திருக்கிறார்கள். 2019 திருத்தத்தில் மறுபடி கொண்டுவந்து, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்திவிட்டார்கள்.

அந்தக் காருக்கு இன்சூரன்ஸ் இருந்தது. இன்னொருவருக்கு அடிபட்டால் கொடுப்பதற்காகத்தான் தேர்டு பார்ட்டி பிரீமியமே கட்டச் சொல்கிறார்கள். 1000 சிசிக்கு மேல் 1500 வரை உள்ள காருக்கு வருடம் 3,416 ரூபாய், வரி தனி. கட்டிய பணம் கம்பெனியில் இருக்கிறது. செலவு மட்டும் நிற்கவில்லை. தம்பிக்கு அரசு மாதம் 2,000 பராமரிப்பு உதவி தருகிறது. 30 வருடத்துக்கு அதுவே 7,20,000. படுக்கைப்புண் வந்து இரண்டு தடவை திரும்ப வார்டில் சேர்த்தோம். என் நாத்தனார் செருப்புக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இரண்டு மணிக்கு ஒருதரம் அவனைப் புரட்டிப் படுக்க வைக்கிறாள், ராத்திரியும்.

இனி ஏதாவது வழி இருக்கிறதா? சட்டத்தை மாற்றியபோது இந்தச் செலவெல்லாம் யார் தலையில் விழும் என்று யாராவது கணக்குப் பார்த்தார்களா?

குமாஸ்தா 22 வருஷம்:

வழி இருக்கிறது அக்கா, மனசை விடாதீர்கள். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் இருக்கின்றன. அவை முடியும்வரை, காலம் கடந்துவிட்டது என்ற காரணத்துக்காக எந்த மனுவையும் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்திருக்கிறது. திருப்பிய மனுவை அந்த உத்தரவின் நகலோடு உடனே மறுபடி தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.

இன்னொன்று இதைவிட முக்கியம். ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போட்டார்களா? 2022-க்குப் பிறகு, போலீஸ் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும் 90 நாளில் விரிவான அறிக்கையும் நஷ்டஈட்டு மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 166(4)-ன்படி அந்த அறிக்கையையே தீர்ப்பாயம் மனுவாக எடுத்துக்கொள்ள வேண்டும். அது நேரத்தோடு போயிருந்தால் கெடுப் பேச்சே எழாது. போகவில்லை என்றால் அது உங்கள் தவறும் இல்லை.

யார் தவறு என்று பார்க்காமல் ஒரே தொகையாகத் தரும் பிரிவு 164-ல் 2.5 லட்சம் வாங்கி முடித்துக்கொள்ள யாராவது சொன்னால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். அதை ஏற்றுக்கொண்டால் பெரிய மனு செத்துவிடும். கொத்தனாருக்குக் கால் போனால் வருமானம் முழுவதும் போனதாகத்தான் கணக்கு. மாதம் 15,000 என்று குறைத்து வைத்தாலே வருடம் 1,80,000. எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 2,52,000. வருட வருமானத்தை வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள்; 34 வயதுக்கு அது 16. ஆக 40,32,000. உடனிருந்து பார்ப்பவர் செலவு இதில் சேரவில்லை.

கிளெய்ம் பிரிவில் இருந்தவன்:

உங்கள் வேதனை புரிகிறது அம்மா. ஆனால் கெடு ஏன் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று வருடம் கழித்து வரும் மனுவில் எந்த வண்டி அடித்தது என்பதைச் சரிபார்க்க முடியாது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி அடித்திருக்கும், இன்சூரன்ஸ் உள்ள வேறொரு வண்டியைக் காட்டுவார்கள். அப்படிப்பட்ட கோப்புகளை நானே கையில் வைத்திருக்கிறேன். அந்தப் பணமும் கடைசியில் எல்லோருடைய பிரீமியத்திலிருந்துதான் போகிறது.

ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ்:

செல்விம்மா, உன் நாத்தனாரிடம் முதலில் இதைச் சொல்: புரட்டும்போது இழுக்கக் கூடாது, போர்வையோடு சேர்த்துத் தூக்கிப் புரட்ட வேண்டும். தோல் உரசுவதில்தான் புண் ஆரம்பிக்கும். குதிகாலையும் தினம் பார்க்கச் சொல்.

உன் இரண்டாவது கேள்விக்கு நான் பார்த்ததைச் சொல்கிறேன். எலும்பு வார்டில் 19 வருடம் இருந்தேன். ஏ.ஆர். காப்பியில், அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலில், எந்த ஊர், எத்தனை மணி, எந்த வண்டி எல்லாம் எழுதுவோம். ஆனால் அந்த வண்டிக்கு எந்த இன்சூரன்ஸ் என்று கேட்டு எந்தக் கம்பெனிக்கும் நாங்கள் பில் அனுப்பியதில்லை. நோயாளியிடமும் பில் இல்லை, இலவசம்தானே. அதனால் தீர்ப்பாயத்தில் மருத்துவச் செலவு என்ற இடம் காலியாகவே போகும். கம்பி, ஸ்க்ரூ, ரத்தம், ஐசியூ எல்லாம் அரசு கணக்கு. 2021 டிசம்பரில் விபத்தில் அடிபட்டவர்களுக்காகத் தமிழக அரசின் நம்மைக் காக்கும் 48 திட்டம் வந்தபோது மனசு நிறைந்தது. தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் முதல் 48 மணி நேரம் இலவசம் என்றார்கள். நல்ல திட்டம், உயிர் பிழைத்தவர்களைக் கண்ணால் பார்த்தேன். அதுவும் அரசுப் பணம்தான். 2025-ல் மத்திய அரசு கொண்டுவந்த, அடிபட்டவருக்கு 7 நாள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குள் இலவச சிகிச்சை தரும் திட்டத்தில் இன்சூரன்ஸ் உள்ள வண்டி என்றால் கம்பெனிகள் போடும் பங்கிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பணம் வரும் என்று வைத்திருக்கிறார்கள். அதைத்தான் முதலிலிருந்தே செய்திருக்க வேண்டும்.

தையல்கடை செல்வி:

எல்லோருக்கும் நன்றி. குமாஸ்தா அண்ணே, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு நேற்றே மஞ்சப்பையைக் கொட்டித் தேடினேன். எஃப்.ஐ.ஆர். இருக்கிறது, விபத்து நடந்த மறுநாள் தேதி. வண்டி நம்பர் அதில் தெளிவாக இருக்கிறது.

கிளெய்ம் சார், பொய் வழக்குப் போடுகிறவர்களைப் பிடிக்க வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் என் தம்பியை அடித்த வண்டி மறுநாளே போலீஸ் காகிதத்தில் ஏறியிருக்கிறது. பொய்யனைத் தடுக்க வைத்த கதவு அவனையும் சேர்த்து ஏன் அடைக்க வேண்டும்? எஃப்.ஐ.ஆரில் வண்டி நம்பர் இருக்கிற கேஸுக்குக் கெடு இல்லை என்று எழுதியிருக்கலாமே. பொய் சொல்கிறவனுக்கு ஆறு மாதம் தாராளம் சார். அவனுக்கு வக்கீல் தெரியும், தேதி தெரியும். எங்களுக்கு அந்த ஆறு மாதத்தில் தெரிந்ததெல்லாம் யூரின் பை எப்படி மாற்றுவது என்பது மட்டும்தான்.

நர்ஸம்மா, நாத்தனாரிடம் படித்துக் காட்டினேன். போர்வையோடு புரட்டிப் பார்த்தாள், தம்பி முகம் சுளிக்கவில்லை. திங்கட்கிழமை கடையை அடைத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போய் அந்த விரிவான அறிக்கை தீர்ப்பாயத்துக்குப் போனதா, எந்தத் தேதியில் போனது என்று எழுதிக் கேட்கப் போகிறேன். என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுகிறேன்.